இருட்டைக் காக்கும் விடுதி

தங்கும் விடுதியில் அறை எடுப்பவர் முதலில் என்ன செய்கிறார்? சுவரிலுள்ள பொத்தானை அழுத்தி விளக்கைப் போட்டுப் பார்க்கிறார். அறை 'பளிச்'சென்று இருந்தால் அவர் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால், இரவில் தம் அறையிலிருந்து ஒரு கீற்று ஒளிகூட வெளியே போகக்கூடாது, பகலில் ஒரு கீற்று ஒளிகூட உள்ளே வரக்கூடாது என்று கேட்கும் விருந்தினரும் உலகில் உண்டு. அவர்கள் வானாய்வாளர்கள். இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் உறங்கும் அவர்களுக்கென்று மலையுச்சிகளில் விடுதிகள் எழும்பத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்த வரலாற்றில் நம் ஜவ்வாது மலைக்கும் ஓர் இடமுண்டு. விடுதியறை ஒன்றை எப்படி அமைக்க வேண்டும், அதை அமைப்பவர் யாரை மனத்தில் கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அங்கிருந்து நாம் கற்றுக்கொள்ளக் கூடியது நிறையவே இருக்கிறது.

காவலூரின் இருட்டு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் காவலூர் வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். 1960 இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்ற டாக்டர் வைணு பாப்பு, கதிரவனை ஆராயக் கொடைக்கானல் ஏற்றதாயினும் விண்மீன்களை ஆராய வேறிடம் வேண்டும் என்று கருதினார். தென்னாட்டு மலைகள் பலவற்றை ஆராய்ந்தபின் அவர் தேர்ந்தெடுத்த இடம் ஜவ்வாது மலைக் காட்டின் நடுவே இருந்த சுமார் 100 ஏக்கர் நிலம். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால் தென் வானின் பெரும்பகுதி இங்கிருந்து தெரியும். அதைவிட முக்கியம், சுற்றிலும் பெரிய ஊர் எதுவும் இல்லை. இரவு உண்மையிலேயே இரவாக இருந்தது.

1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் காவலூர் தன் பணியைத் தொடங்கியது. 1972 இல் 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய நோக்கீடுகளில் காவலூரில் எடுக்கப்பட்டவையும் அடங்கும். 234 செ.மீ. பெருந்தொலைநோக்கி முடிவதைக் காணாமலேயே 1982 இல் பாப்பு காலமானார். 1986 ஜனவரி 6 அன்று அதற்கும் வானாய்வகத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

தொலைநோக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர். அதை இயக்கிவிட்டு விடியற்காலையில் திரும்பி வருகிறவர் படுக்கும் அறையைப் பற்றி எழுதுகிறவர் அரிது. ஆனால் அந்த அறை சரியாக இல்லாவிட்டால் மறுநாள் இரவு வேலை ஓடாது. பகல் உறக்கத்திற்குக் கெட்டித் திரை வேண்டும், அமைதி வேண்டும், கோடை வெயிலில் சூடேறாத கூரை வேண்டும். அதே திரை இரவில் வேறொரு வேலை செய்கிறது. உள்ளே ஒருவர் புத்தகம் படித்தாலும் அந்த ஒளி குவிமாடத்தின் பக்கம் கசியாமல் தடுக்கிறது.

கண் செய்யும் வேலை

இதற்கெல்லாம் காரணம் நம் கண்ணின் அமைப்பு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் முதலில் எதுவும் தெரிவதில்லை. சிறிது நேரம் கழித்துப் பொருள்கள் மங்கலாகத் தெரியத் தொடங்கும். கண்மணி விரிவதுதான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்மணி சில விநாடிகளில் விரிந்துவிடும். அதனால் கிடைக்கும் ஆதாயம் சிறிதே. விழித்திரையில் கோல் செல்கள், கூம்பு செல்கள் என இருவகை உணர்செல்கள் உண்டு. மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். அவற்றில் ரொடாப்சின் என்னும் ஊதா நிற வேதிப்பொருள் உள்ளது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்து வெளுத்துவிடும். மீண்டும் முழுதாக உருவாக அரைமணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவதும் இந்தப் பொருள் போதிய அளவு உருவாகாததால்தான்.

எனவே, அரைமணி நேரம் இருட்டில் நின்று கண்ணைப் பழக்கியவர் முன் ஒரு வெள்ளை விளக்கை ஒரு நொடி போட்டுவிட்டால், அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பொளிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஆழ்ந்த சிவப்பைக் கோல் செல்கள் ஏறக்குறைய உணர்வதேயில்லை. ஆகவேதான் வானாய்வகங்களில் மங்கிய சிவப்பு விளக்குகள் வைக்கும் வழக்கம் வந்தது. வழி தெரியும், கண்ணும் கெடாது.

இன்று பெரிய தொலைநோக்கிகளில் கண்ணை வைத்துப் பார்ப்பவர் இல்லை. மின்னணுக் கருவிகள் பார்க்கின்றன. ஆய்வாளர் கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரைமுன் அமர்ந்திருக்கிறார். ஆனாலும் வெளியே ஒளி கசியக்கூடாது என்ற விதி தளரவில்லை. கண்ணைவிடக் கருவி இன்னும் நுட்பமானது அன்றோ!

வில்சன் மலையின் 'மடம்'

இத்தகைய விடுதிகளில் புகழ்பெற்றது, அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலையில் ஜார்ஜ் எல்லரி ஹேல் 1904 இல் கட்டியது. உலகத்தொடர்பின்றி, இரவில் விழித்திருந்து, ஒழுங்கு பிறழாமல் வாழும் இடம் என்பதால் அதற்குத் துறவிகளின் மடம் என்ற பெயர் வேடிக்கையாக இடப்பட்டது, அதுவே நிலைத்தது. 1909 இல் அது தீக்கிரையானது. மறுபடியும் கட்டினார்கள். உணவு மேசையில்கூட ஒழுங்கு இருந்தது. அன்று 100 அங்குலத் தொலைநோக்கியில் பணிபுரிபவர் தலைமை இருக்கையில் அமர்வார். மற்றவர்கள் தொலைநோக்கியின் அளவுக்கேற்பக் கீழே அமர்வார்கள்.

மடம் என்ற பெயர் வெறும் வேடிக்கையாக நின்றிருந்தால் நன்றாயிருக்கும். துறவிகளின் மடத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1955 இல் மார்கரெட் பர்பிட்ஜ் என்ற வானியல் அறிஞர் அங்கு ஆராய வந்தபோது, தொலைநோக்கி நேரம் அவருடைய கணவர் ஜெப்ரியின் பெயரில்தான் ஒதுக்கப்பட்டது. மார்கரெட் அவருடைய உதவியாளர் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உண்மையில் தொலைநோக்கியில் வேலை செய்தவர் மார்கரெட்டே. இருவரும் தங்குவதற்கு மடத்தில் இடம் கிடைக்கவில்லை. சற்றுத் தொலைவில் கணப்பு வசதியில்லாத ஒரு சிறு குடிலில் தங்கினார்கள்.

அதே கலிபோர்னியாவில் பாலமர் மலையிலுள்ள வானாய்வகத்தில் முறைப்படி அனுமதி பெற்ற முதல் பெண் வேரா ரூபின், ஆண்டு 1965. அதுவரை சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? பெண்களுக்கான கழிப்பறை இல்லை என்பது. ரூபின் காகிதத்தில் ஒரு பாவாடை உருவத்தை வெட்டிக் கழிப்பறைக் கதவிலிருந்த ஆண் உருவத்தின்மேல் ஒட்டினார். இப்போது பெண்களுக்கும் ஆயிற்று என்றார். அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் இருக்கிறது என்பதற்குப் பிற்காலத்தில் உறுதியான சான்று தேடித் தந்தவர் இவர். ஒரு கதவுப் பலகை அறிவியலை எவ்வளவு காலம் தள்ளிப்போட முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரத்தநாட்டுச் சத்திரம்

இந்த இடத்தில் நம் நாட்டுப் பழைய ஏற்பாடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் அமைத்தார்கள். அவற்றுள் ஒன்று ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தது. 1801 இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில் சரபோஜி இச்சத்திரங்களில் நடைபெறுவனவற்றை விவரிக்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் உணவு உண்டு. நோய்வாய்ப்பட்டவருக்கு மருத்துவமும் பத்திய உணவும் உண்டு. வழியில் பேறுகாலம் வந்துவிட்ட பெண்ணுக்குப் பேறு பார்க்கவும் அதன்பின் பேணவும் ஏற்பாடு உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்த்தார்கள்.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. சாதிக்கொரு பந்தி, சாதிக்கொரு இடம் என்ற பிரிவினை அக்காலச் சத்திரங்களில் இருந்தது. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நோயாளியும், நிறைமாதப் பெண்ணும், நடக்க முடியாத முதியவரும் வருவார்கள் என்று அந்தச் சத்திரத்தை அமைத்தவர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்தார்கள். நூறு ஆண்டு கழித்து எழுந்த வில்சன் மலை மடம், இளமையும் உடல்நலமும் உள்ள ஆண் ஒருவனை மட்டுமே எதிர்பார்த்தது.

எரியாத கட்டடமும் எரிந்த அறைகளும்

வெளிச்சத்தைக் குறைத்த விடுதியில் தீப்பிடித்தால் என்ன ஆவது? நியாயமான கேள்வி. திரை போட்டு மூடிய அறை, மங்கிய நடைவழி, உறக்கத்திலிருக்கும் மனிதர். ஆபத்து கூடத்தானே செய்யும்?

விடைக்கு முன், விடுதித் தீயின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வைன்காப் என்றொரு ஹோட்டல் இருந்தது. 1913 இல் திறந்த 15 மாடிக் கட்டடம். முற்றிலும் தீப்பிடிக்காதது என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். அது பொய்யுமல்ல, எஃகுச் சட்டமும் செங்கல்லும் எரியவில்லை. 1946 டிசம்பர் 7 அன்று அதிகாலையில் எரிந்தவை உள்ளே இருந்தவை: நடைவழிச் சுவரில் ஒட்டியிருந்த சாக்குத் துணி, சுவர்த்தாள், தரைவிரிப்பு, மெத்தை, திரைச்சீலை. மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஒரே மாடிப்படி. அதைச் சுற்றி அடைக்கும் கதவுகளும் இல்லை. படிக்கட்டு புகைபோக்கியாக மாறியது. 119 பேர் இறந்தார்கள். ஹோட்டலைக் கட்டிய வைன்காப்பும் அவர் மனைவியும் அவர்களுள் அடங்குவர். கட்டடம் மட்டும் நின்றது.

1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகாஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் தீ தரைத்தளத்தில் எரிந்தது. இறந்த 85 பேரில் பெரும்பாலோர் பல மாடிகளுக்கு மேலே, தீயையே காணாமல் புகையால் இறந்தவர்கள். நம் நாட்டிலும் இப்பாடம் மீண்டும் மீண்டும் நடத்தப்பட்டிருக்கிறது. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மேல்தளத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து, மணமகன் உள்பட 50க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 2019 பிப்ரவரி 12 அன்று டெல்லி கரோல்பாக்கில் ஒரு ஹோட்டலில் 17 பேர் இறந்தார்கள். அழகுக்காக நடைவழிச் சுவர்களில் பதித்திருந்த மரப்பலகை தீயைப் பரப்பியது என்று அப்போது செய்தி வந்தது.

அறையை அழகுபடுத்துவதே உயிரை எடுத்துவிடலாம் என்பது எவ்வளவு கொடியது! நுரை மெத்தையும் ஒட்டுப்பலகையும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். பாலியூரித்தேன் நுரையிலிருந்து ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். உறங்குபவர் இருமி எழுமுன்பே மயங்கிவிடுகிறார்.

காலடி விளக்கு

இனிக் கேள்விக்கு வருவோம். சூடான புகை இலேசானது; ஆகவே மேலே எழும்பிக் கூரையின்கீழ்ப் படலமாகப் படரும். நேரம் ஆக ஆக அந்தப் படலம் கீழே இறங்கும். கூரையில் தொங்கும் விளக்கும், கதவுக்கு மேலே 'வெளியே' என்று எழுதிய பலகையும் முதலில் மறைந்துவிடுகின்றன. எவ்வளவு ஒளிமிக்க விளக்கானாலும் சரி, அந்தக் கரும்புகைக்குள் பயனில்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரையில்தான் காற்று சற்றுத் தெளிவாக இருக்கும். அதனால்தான் தீயணைப்புத் துறையினர் தவழ்ந்து வெளியேறச் சொல்கிறார்கள். தவழ்கிறவருக்கு வழிகாட்ட வேண்டிய விளக்கு எங்கே இருக்க வேண்டும்? கணுக்கால் உயரத்தில்.

வானாய்வாளருக்கு வேண்டியதும் அதே விளக்குத்தான்! தரையை மட்டும் காட்டும், கண்ணில் நேராகப் படாத, சன்னல் வழியே வெளியேறாத மங்கிய விளக்கு. இருட்டை விரும்புகிறவரும் தீக்கு அஞ்சுகிறவரும் ஒரே இடத்தைக் கைகாட்டுகிறார்கள். பழைய வீடுகளில் சுவரில் குடைந்த விளக்கு மாடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். சுடர் காற்றில் அணையாமலும் நடப்பவர் கண்ணைக் கூசவைக்காமலும் இருக்கும். அதையே முழங்காலுக்குக் கீழே இறக்கிவைத்தால் போதும்.

மின்சாரம் நின்றுவிட்டால்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். பகலொளியை உள்வாங்கி இருட்டில் பச்சையாக ஒளிரும் வண்ணப்பூச்சுகள் உண்டு. பழைய துத்தநாக சல்பைடு பூச்சு விரைவில் மங்கிவிடும். 1993 இல் ஜப்பானியர் கண்டறிந்த ஸ்டிரான்சியம் அலுமினேட்டு என்ற பொருள் பல மணி நேரம் ஒளிரும். அதே 1993 இல் நியூயார்க் உலக வணிக மையத்தில் குண்டு வெடித்தபோது மக்கள் இருண்ட படிகளில் தடுமாறி இறங்கினார்கள். அதன்பின் அப்படிகளில் இருளில் ஒளிரும் பூச்சு பூசினார்கள். 2001 இல் அக்கோபுரங்கள் தாக்கப்பட்டபோது அது பலருக்கு வழிகாட்டியது. படியின் விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கோடு; செலவு பெரிதல்ல.

யார் யார் வருவார்கள்?

சரபோஜியின் சத்திரம் கேட்ட கேள்வியை இக்காலச் சட்டம் மறுபடியும் கேட்கிறது. 1995 இல் ஒன்றும், அதற்குப் பதிலாக 2016 இல் ஒன்றுமாக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டங்கள் இந்தியாவில் இயற்றப்பட்டன. நட்சத்திரத் தகுதி கேட்கும் ஹோட்டல்களுக்கு மத்தியச் சுற்றுலா அமைச்சகம் விதித்துள்ள நெறிகளில் மாற்றுத்திறனாளிக்கென ஓர் அறையேனும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. கதவு ஒரு மீட்டர் அகலம். சக்கர நாற்காலி நுழைய வேண்டும். அறைக்கலன்கள் தாழ்வாக இருக்க வேண்டும். கதவிலுள்ள பார்வைத் துளையும், துணி மாட்டும் கம்பியும்கூடக் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அபாய மணி ஒலிப்பதோடு விளக்கும் விட்டுவிட்டு மின்ன வேண்டும்; காது கேளாதவர் எப்படி எழுவார்?

ஒரு குறை. இந்நெறிகள் தகுதி கேட்டு விண்ணப்பிக்கும் ஹோட்டல்களுக்கானவை. மலைமேல் நான்கு அறை கட்டி வாடகைக்கு விடுபவரை இவை எட்டுவதில்லை. மலையிலோ சிக்கல் அதிகம். சரிவான நிலத்தில் வீட்டுக்கு உயரமான அடித்தளம் வேண்டியிருக்கிறது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாசல் 60 செ.மீ. உயரமென்றால் சாய்தளத்தின் நீளம் 7.2 மீட்டர். அவ்வளவு இடம் இல்லை என்பார் உரிமையாளர். ஆனால் மலைச்சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டக்கோட்டில் அறைகளை வரிசையாக அமைத்தால், பாதையிலிருந்து படியே இல்லாமல் நேராக அறைக்குள் போகலாம். மலை நிலம் தரும் இந்த வசதியைச் சமவெளிக்காரர் கட்டும் வரைபடத்தை அப்படியே மேலே கொண்டுபோகிறவர் இழந்துவிடுகிறார்.

இரண்டு புதிய விடுதிகள்

தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் அடகாமாப் பாலைநிலத்தில், பரனால் மலையடியில் ஐரோப்பிய வானாய்வாளர்களுக்காக 2002 இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. கட்டடத்தின் பெரும்பகுதி பள்ளத்தில் புதைந்திருக்கிறது. நடுவே 35 மீட்டர் அகலக் குவிமாடம்; அதன்கீழ் ஒரு தோட்டமும் நீச்சற்குளமும். உலர்ந்த பாலைக் காற்றில் மூக்கும் தொண்டையும் வெடிக்காமலிருக்க ஈரம் வேண்டுமே, அதற்காக! பொழுது சாய்ந்ததும் குவிமாடத்தின்மேல் திரை இழுத்து மூடப்படும். ஒரு பொட்டு ஒளி வெளியே வராது.

அது பெரும் பணம் செலவழித்துக் கட்டியது. பணமின்றியும் இதைச் செய்யலாம் என்பதற்கு லடாக்கிலுள்ள ஹான்லே சான்று. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே அங்கும் 4500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி வைத்திருக்கிறது. 2022 இல் அவ்வட்டாரம் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் தங்கள் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள். சன்னலுக்குக் கெட்டித் திரை, வெளி விளக்குக்கு மேல்மூடி. சிலர் தொலைநோக்கி வைத்து வானத்தைக் காட்டவும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இருட்டே அவர்களுக்கு வருவாய் ஆகிவிட்டது.

ஜவ்வாது மலைக்கும் இப்போது விருந்தினர் வருகிறார்கள். ஜமுனாமரத்தூருக்கும் பீமன் அருவிக்கும் கோடை விழாவுக்கும் வருபவர் தங்க அறைகள் பெருகுகின்றன. வாசலில் வெள்ளை வெளேரென்ற விளக்குகளும் எரிகின்றன. வெள்ளை ஒளியில் நீலம் மிகுதி; காற்று நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும்; வானம் வெளுத்துவிடும். மஞ்சள் சாயல் கொண்ட விளக்கை, மேலே மூடியிட்டுக் கீழ்நோக்கி வைத்தால் வாசலும் தெரியும், காவலூரும் பிழைக்கும்.

அடுத்த முறை அங்கே தங்க நேர்ந்தால், பெட்டியை வைத்தவுடன் நடைவழிக்கு வாருங்கள். உங்கள் அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று கையால் தொட்டு எண்ணுங்கள். புகையில் அந்த எண்தான் உங்கள் விளக்கு. இரண்டாவது வழி உண்டா, அது பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுடன் வந்த பாட்டியால் குளியலறைக்குப் படி ஏறாமல் போக முடிகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை மாதமென்றால், பிறகு வாசல் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அரைமணி நேரம் வெளியே உட்காருங்கள். இரவு 10 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே தெற்கே, தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 30 பாகை உயரத்தில், பஞ்சுப்பொட்டுப் போல் ஒரு விண்மீன் தெரியும். அது ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து. பல இலட்சம் விண்மீன்களின் ஒளி, ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்குமுன் புறப்பட்டது.